கறுப்பு மையில் ஒரு கல்யாண கார்டு

2012 ஏப்ரல் 28, சனி

விடிந்ததிலிருந்து புழுக்கம். கரன்ட் வருவதும் போவதுமாக. வேலைகள்: பள்ளிக்கூட பில் புக் பைண்டிங், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பிறகு நம் வீட்டுக் கல்யாண கார்டு.

கார்டு டிசைன் மகளே செய்தது. பழைய பேப்பரைக் கூழாக்கித் திரும்பச் செய்த அட்டை, சாணி நிறம். லேமினேஷன் இல்லை. தங்க ஜிகினா இல்லை. பிள்ளையார் படம்கூட இல்லை. மேலே பெரிதாக அனீஷ், பிந்து. மற்றதெல்லாம் அடியில் எறும்பு வரிசை மாதிரி. ஒரே நிறம், அடர் சிவப்பு. மெயிலில் பார்த்து மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து ஓகே சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் கார்டு நம் பிரஸ்ஸில்தான்.

பிந்து திருவனந்தபுரத்தில் டிசைன் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வகுப்பு. "அப்பா, ஒரு கலர் மாத்த மிஷினைக் கழுவுகதுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் ஊத்துதீங்க? அந்தத் துணியெல்லாம் எங்க போவுது? பின்னால ஓடையிலதானே?" ஓடையில்தான். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவன் நான். பதில் சொல்ல என்னிடம் சயின்ஸ் கிடையாது.

காலையில் ஒரு சாவு வீட்டுக்குப் பதினாறாம் நாள் அடியந்திரக் கார்டு அடித்ததில் மிஷினில் ஏற்கனவே கறுப்பு மை. சிவப்புக்கு மாற்றக் கழுவ வேண்டும். அப்போதுதான் எனக்கு ஞானம் வந்தது. கழுவாமல் கறுப்பிலேயே ஓட்டிவிட்டால்? மகள் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!

மிஷின் ஓட்டுகிற ராசையன் ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணாச்சி, கல்யாண கார்டாக்கும்."

"இப்ப பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் இப்படித்தாம்லே."

நான் எந்தப் பெரிய கம்பெனியைக் கண்டேன்.

ஏப்ரல் 30, திங்கள்

நேற்று பிந்து வந்தாள். கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏம்ப்பா கறுப்பு?" காரணத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "இதும் நல்லாத்தான் இருக்கு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பெயர்.

என் வீட்டுக்காரி சரோஜம் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்தாள். சாணி நிறத்தில் மஞ்சள் எங்கே தெரியும்? "இது என்ன எழவு" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் இங்கிருந்தே தபாலில் போட்டாயிற்று. சம்பந்தி தங்கம்மைக்கு அலைச்சல் மிச்சம். புருஷன் இல்லாத வீடு, ஒரே மகன், அவனும் மஸ்கட்டில். அவள் கார்டை இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டில் வைத்து நேரில் கொடுப்பதாக யோசனை. கல்யாணம் மே இருபத்தேழு.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், செருப்பு (எனக்கு), பேப்பர் கட்டர் பிளேடு.

மே 2, புதன்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலையில் தங்கம்மையின் அண்ணன் வேலப்பன் போன். "வே, உடனே வாரும்." அவ்வளவுதான். பஸ் பிடித்து இரணியலுக்கு, தங்கம்மை வீட்டுக்குப் போனேன். தெருவில் திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம்.

நடந்தது இது. திருவட்டாற்றில் தங்கம்மையின் அக்காவுக்குத் தபாலில் கார்டு போயிருக்கிறது. கண்ணில் பூ விழுந்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வெறும் அட்டை, கறுப்பு எழுத்து, வைத்த மஞ்சள் தெரியவில்லை, சாமி இல்லை. முதலில் கண்ட பெயர் அனீஷ். அடுத்த பெயரை அவள் வாசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு. "எனக்க மக்கா, அனீசே, மணவறை ஏறுகதுக்கு முன்ன போயிட்டியே!"

தங்கம்மை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். அங்கேயே விழுந்துவிட்டாள். வெளிநாட்டில் எது நடந்தாலும் நம் ஊரில் பெற்றவளிடம் கடைசியாகத்தானே சொல்வார்கள். அக்காளுக்கு முதலில் தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் யாரோ கார்டைப் பிடுங்கி வாசித்துக் காட்டி, கல்யாண கார்டுதான் என்று எல்லாருக்கும் விளங்கியது. அக்காக்காரி வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தங்கம்மை மட்டும் தரையிலிருந்து எழும்பவில்லை.

"போன் போடுங்கோ. அவனுக்க சத்தம் எனக்குக் கேக்கணும்."

போட்டோம். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டோம். சுவிட்ச் ஆஃப். வேலப்பன் போனிலிருந்து, என் போனிலிருந்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து. அதே பெண், அதே இங்கிலீஷ்.

அட்டையை வெட்டியது நான், அச்சடித்தது நான், ஸ்டாம்பு ஒட்டிப் போட்டது நான். அனீஷுக்கு ஒன்றும் இல்லை என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. ஆனாலும் மத்தியானம் தாண்டியும் போன் கிடைக்கவில்லை என்றபோது நானும் தெரு முனை வரை போய் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். ஒருவேளை? யாரும் உட்காரவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவுமில்லை. அடுப்பு மூட்டவில்லை. சாவு வீடு மாதிரியேதான் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அவனே கூப்பிட்டான். சைட்டில் வேலையாம், சார்ஜ் தீர்ந்துபோச்சாம். வேலப்பன் போனைத் தங்கம்மை காதில் வைத்தார். அவள் என்னென்னவோ கேட்பாள் என்று பார்த்தோம்.

"லே, நீ சோறு தின்னியா?"

அவ்வளவுதான். போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 4, வெள்ளி

நேற்று சாயங்காலம் இடி மழை. பிரஸ்ஸில் ஒழுகல், பேப்பர் கட்டை இடம் மாற்றினோம்.

பிந்து லீவு போட்டு வந்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் காலையில் சண்டை. டிசைன் என்னுது, குத்தம் என்னுது என்று அவள். மை என்னுது என்று நான். குற்றத்துக்கு இப்படிப் போட்டி போட்டு வேறு எங்கும் பார்த்ததில்லை. சரோஜம் தோசைச் சட்டியை ஓங்கி வைத்தாள். "ரெண்டு பேரும் பங்கு வச்சுக்கிடுங்கோ. எனக்கு மகளுக்கக் கல்யாணம் நடக்கணும்."

பத்து மணிக்கு வேலப்பன் வந்தார். காப்பி தொடவில்லை.

"தங்கம்மை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. அவளுக்குச் சோறு எறங்கல்ல. அந்தக் கறுப்பு கார்டு ஒண்ணுவிடாம திரும்ப வரணும். பிறகுதான் மத்த பேச்சு."

"மத்த பேச்சுன்னா?"

"கல்யாணம் உண்டா இல்லியாங்க பேச்சு." பிந்துவைப் பார்த்தார். "பூமியைக் காப்பாத்தினே மக்ளே, நல்லது. எனக்க தங்கச்சி மண்ணுக்குள்ள போயிருப்பா."

நான் எழுந்தேன். "பிள்ளை சிவப்புன்னுதான் சொன்னா. கறுப்பு ஓட்டினவன் நான்."

"உமக்குத்தான் வருசக்கணக்கா இந்தத் தொழிலுல்லா வே?"



மே 6, ஞாயிறு

தட்டில் வைத்துக் கார்டு கொடுக்கப் போயிருக்க வேண்டிய நாள். கார்டைத் திரும்ப வாங்கப் போனேன். கொடுத்த கார்டைக் கேட்டு வாசல் வாசலாக நடந்த ஒரே பெண் வீட்டுக்காரன் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வீட்டில் கார்டை மதில்மேல் போட்டு, பறக்காமல் கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் ஏற்றவே இல்லை. இன்னொரு வீட்டில் விரல் நுனியால் எடுத்து நீட்டினார்கள், செத்த எலியைப் போல. வில்லுக்குறியில் ஒருத்தர் "அதை அப்பமே கிழிச்சாச்சே, சாவுக் கடுதாசி வாசிச்சா கிழிக்கணும்லா" என்றார். கிழித்த பிறகுதான் மீதியை ஒட்டி வாசித்தாராம். "வரன் நல்ல இடமா?" என்று வேறு விசாரித்தார்.

எல்லாம் ஒரு சாக்கில். கொடுக்காமல் மிஞ்சியிருந்தவையும் அதே சாக்கில். இப்போது இதை என்ன செய்வது?

கிழிக்கலாம். உயிரோடு இருக்கிற பையன் பெயரை யார் கிழிப்பது? ராசையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எரிக்கலாம். வாயைத் திறந்ததற்கே சரோஜம் பார்த்த பார்வை!

ஆற்றில் கரைக்கலாம். ஆற்றில் கரைப்பது எதை?

பழைய பேப்பர்க்காரருக்குப் போடலாம். நாளைக்கு மாப்பிள்ளை பெயரில் யாராவது வடை கட்டிக் கொடுப்பார்கள்.

பிந்து மெதுவாகச் சொன்னாள்: "கூழாக்கினா திரும்பப் பேப்பர் செய்யலாம்ப்பா." அதற்கும் முதலில் கிழிக்க வேண்டும்.

மண்ணுக்குக் கெடுதல் செய்யாத கார்டு என்று அடித்தோம். பிளாஸ்டிக்கில் அடித்திருந்தாலும் இவ்வளவு மக்காத குப்பை ஆகியிருக்காது.

சாக்கைத் தரையில் வைக்கவும் மனமில்லை. ஸ்டூல்மேல் இருக்கிறது, ஆள் உட்கார்ந்த மாதிரி.

மே 9, புதன்

பிந்துவும் நானும் இரணியல் போனோம். சரோஜம் வரவில்லை, தைரியமில்லை என்றாள். எனக்கிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

தங்கம்மை பாதியாகிவிட்டாள். உட்காரச் சொன்னாள். மடியில் ஒரு கார்டு. அக்கா கொண்டுவந்தது.

பிந்து தரையில் உட்கார்ந்தாள். "அத்தே, அப்பா கறுப்புல ஓட்டினது எனக்கு முன்னமே தெரியும். நல்லாருக்குன்னு நாந்தான் சொன்னேன். உங்களைப் பத்தி நெனைக்கல்ல."

தங்கம்மை கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேப்பரு என்னதா வேணும்னாலும் இருக்கட்டு மக்ளே. கூழோ கஞ்சியோ. மரத்தை வெட்டாம செஞ்சதுன்னு சொல்லுகாவ. எனக்க நெஞ்சையில்லா வெட்டிப்போட்டு."

பிந்து அழுதாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். நல்ல பிரிண்டிங்.

"இது கெடந்தா எனக்கு ஒறக்கம் வரல்ல. எடுத்துக் கிழிப்போம்னா கை போவல்ல. பெத்தவ கிழிக்கலாமா?" தங்கம்மை எங்களைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள். "சனிக்கிழமை அவன் வாரான். எனக்க கண்ணு முன்னால வந்து நிக்கட்டு. பிறகு சொல்லுகேன்."

"அத்தே, சிவப்புல வேற கார்டு..."

"அவன் வரட்டு."

பிரஸ்ஸுக்கு வந்து மிஷினைக் கழுவினேன், சொல்லாமலே. மண்ணெண்ணெய் நாற்றம். பிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அழுக்குத் துணிகளை ஓடைக்குப் போகாமல் ஒரு டின்னில் திணித்து மூடினாள்.

மே 11, வெள்ளி

நாளைக்கு விமானம். மண்டபத்துக்காரர் இரண்டு தடவை போன், உறுதியா என்று. உறுதி என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் கணீரென்று வருகிறது.

பல் வலி. கிராம்பு.

பிந்து சாப்பிடவில்லை. சரோஜமும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். வெட்கம்தான்.

மே 12, சனி

மத்தியானம் வேலப்பன் போன். "ஆள் வந்தாச்சு. அந்தச் சாக்கோட வாரும். பிள்ளையையும் கூட்டிக்கிடும்." குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

ஆட்டோவில் மூன்று பேர், இந்தத் தடவை சரோஜமும். சாக்கு என் மடியில்.

முற்றத்தில் அனீஷ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளிக்கவில்லை, பெட்டிகூடத் திறக்கவில்லை. தங்கம்மை பின்னால் நின்று மகன் தோளில் கையை வைத்தபடியே இருந்தாள், எடுத்தால் போய்விடுவான் என்பதுபோல. திருவட்டாற்று அக்காவும் வந்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அனீஷ் சாக்கை வாங்கி முற்றத்தில் கவிழ்த்தார். தங்கம்மை தன் மடியிலிருந்த கார்டையும் எடுத்து நீட்டினாள்.

"அம்மா, சாவுக் கடுதாசி கிட்டினா என்ன செய்யணும்? கிழிக்கணும். பெத்தவ கிழிக்கக் கூடாது, மத்தவன் கிழிக்கக் கூடாது. செத்தவனே வந்து கிழிச்சா யாருக்கு என்ன?"

அவள் முகத்துக்கு நேராக வைத்துச் சர்ரென்று கிழித்தார்.

அக்காக்காரிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

அனீஷ் அடுத்ததைக் கிழித்தார். அடுத்தது. அடுத்தது. வேலப்பன் கத்தினார்: "ஏலே, பாத்துக் கிழி. அதில அவளுக்கப் பேரும் கெடக்கு!"

அனீஷின் கை நின்றது. பிந்துவைப் பார்த்தார். பிந்து போய் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கை கார்டை அள்ளினாள்.

"எனக்கப் பேரை நான் கிழிச்சுக்கிடுகேன்."

இரண்டு பேரும் கிழித்தார்கள். தங்கம்மை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து காலிச் சாக்கை எடுத்து வாயை விரித்துப் பிடித்தாள். "முற்றத்தில சிந்தாதேயுங்கோ. பொடிப்பொடியா கிழிங்கோ. இது திரும்பக் கூழாக்குகதுக்கு உள்ளதாக்கும்." மகன் பக்கம்: "லே, அங்க ஒண்ணு கெடக்கு. விட்டிராதே."

எனக்குக் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. ராசையன் கேட்டிருந்தால் பேப்பர் தூசி என்று சொல்லியிருப்பேன்.

தங்கம்மை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பத்து நாளாகக் கூப்பிடாத முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"சம்பந்தி, வீட்டுப் பந்தலுக்கு ஆளுட்ட சொல்லியாச்சா?"

சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பந்தல், தகரமா ஓலையா என்று வாயைத் திறந்தேன்.

"நீரு ஒண்ணும் தீர்மானிக்காண்டாம்" என்றாள் சாக்கை உலுக்கிக்கொண்டே. "பிள்ளைக்கிட்டேயும் கேளும், எனக்கிட்டேயும் கேளும்."