இரண்டு ஜிபிஎஸ், ஒரு கிரிவலம்

மாசி 5, செவ்வாய்

காலையில் பனி. பதினொரு மணிக்கே வெயில் ஏறிவிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், மகள் கயல், கயலின் தோழி பானு. நாலே பேர். டிவி ஓடவில்லை.

பேச்சு: சித்திரையில் கயலின் அடுத்த சைக்கிள் சவாரி. 300 கி.மீ., இருபது மணி நேரத்துக்குள். பேர் கொடுக்கக் கடைசி நாள் வரும் திங்கள்.

போன தடவை நடந்தது (மறக்காமல் இருக்க): 200 கி.மீ. சவாரி. வழி பார்த்தது போனில். செஞ்சி தாண்டி டீ குடிக்க ஓர் ஊருக்குள் திரும்பினாள். வெளியே வந்தபோது போன் புதிதாக ஒரு குறுக்கு வழி காட்டியது. நம்பிப் போனாள். நடுவில் கட்டாயம் நின்று அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டிய இடம் தவறிப்போயிற்று. பிறகு போனில் சார்ஜும் போயிற்று. நாலு மணி நேரம் சேதி இல்லை. நான் பூஜை அறையில். அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு. வந்து சேர்ந்தவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். "போதும்மா" என்றார், அவ்வளவுதான்.

இன்று கயல் விடவில்லை.

"தினம் கீழ்பென்னாத்தூர் ஸ்கூலுக்குப் பாடம் எடுக்க சைக்கிள்லதானே போய் வரேன்? அதுக்கு ஒண்ணும் சொல்றதில்லையேப்பா."

"அது எனக்குத் தெரிஞ்ச ரோடு."

"உங்களுக்குத் தெரிஞ்ச ரோட்லயே முந்நூறு கிலோமீட்டர் எப்படிப் போறது? மலைய இருபத்தோரு வாட்டி சுத்தவா?"

"சுத்து. புண்ணியமாவது மிஞ்சும்."

பானு சிரித்துவிட்டாள். பிறகு அவரே இறங்கி வந்தார். "நீ எங்க இருக்கேனு எனக்குத் தெரியணும். சார்ஜ் போவக்கூடாது. வழி மாத்தி விடக்கூடாது. அப்படி ஒரு மெஷின் இருந்தா சொல்லு, பாக்கலாம்."

"பாக்கலாம்" என்பது அவர் வாயில் பாதி சம்மதம்.

பானுவிடம் இரண்டு ஜிபிஎஸ் இருக்கின்றன. சைக்கிள் கைப்பிடியில் மாட்டுவது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஞாயிறு வரை இரவல். எந்த மாதிரி வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. ஏன் எனக்கு? கயல் சொன்ன காரணம்: "மிக்ஸி வாங்கறதுக்கே அம்மா நோட்டு போட்டு ஒரு மாசம் பாத்துச்சு."

ஒன்று விரலால் தொடும் திரை: ட. (டச்). மற்றது பக்கவாட்டில் பட்டன் வைத்தது: ப. இனி அப்படியே எழுதுவேன்.

மாசி 6, புதன்

பனி கம்மி. பால் தாமதம்.

விளக்கேற்றி இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இரவல் பொருள்தான், ஆனாலும் பழக்கம். ப. சும்மா இருந்தது. ட. துள்ள ஆரம்பித்தது. பக்கம் பக்கமாக மாறுகிறது, என்னவோ கேட்கிறது, அதற்கு அதுவே ஆமாம் என்கிறது. ஈரச் சந்தனத்தை விரல் என்று நினைத்துக்கொண்டது.

அவர் எட்டிப் பார்த்து, "சாமி வந்துடுச்சா?"

பயந்துபோய் பானுவுக்குப் போன். "தொடச்சிடுங்க ஆன்ட்டி, ஒண்ணும் ஆவாது. வேர்வை சொட்டினாலும் அப்படித்தான் ஆடும்."

அப்படியா. குறித்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் வேர்வை சொட்டாமல் யார் சைக்கிள் மிதிப்பது?

மாசி 7, வியாழன்

வடகம் காயப்போட்டேன். பக்கத்திலேயே இரண்டு ஜிபிஎஸ்ஸும், மொட்டைமாடியில், காலை 6 முதல் மாலை 6 வரை. வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, மணிக்கு ஒரு தடவை ஏறிப்போய் சார்ஜ் எழுதினேன். பன்னிரண்டு மணி நேரத்தில் ட. நூறிலிருந்து 21. ப. நூறிலிருந்து 64. என் முழங்கால் கணக்கு தனி.

காக்கா ப.-வைக் கொத்திப் பார்த்துவிட்டு வடகத்துக்குப் போயிற்று.

அடுப்படியில் வைத்தால் இரண்டும் தேடிக்கொண்டே இருக்கின்றன. மாடியில் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்கின்றன. நாலு செயற்கைக்கோளாவது தெரிய வேண்டுமாம். கயலின் பழைய அகராதியை வைத்துக்கொண்டு கையேட்டைப் படித்தேன். முப்பது பக்கம்.

படித்ததில் ஒரு இடி. இவற்றில் சிம் கிடையாது. தான் எங்கே இருக்கிறோம் என்று இதற்குத் தெரியும், ஆனால் நமக்குச் சொல்ல வாய் இல்லை. சொல்வது கூட இருக்கும் போன்தான். அப்படியானால் அவருடைய முதல் நிபந்தனை?

மோர் கடையும்போது புரிந்தது. போன தடவை போனுக்கு இரண்டு வேலை. நாள் முழுக்க விழித்திருந்து வழி காட்டுவது, இடத்தை அனுப்புவது. முதல் வேலையை இது எடுத்துக்கொண்டால் போன் பைக்குள் படுத்தபடி புள்ளியை மட்டும் அனுப்பும். சார்ஜ் நிற்கும்.

கயலிடம் சொன்னேன். கையிலிருந்த தோசையை வைத்துவிட்டுப் பார்த்தாள். "மா, நீ சைக்கிளே ஓட்டினதில்லையே!"

மாசி 8, வெள்ளி

கோலமாவு தீர்ந்தது. அரிசி மாவில் போட்டேன், எறும்புக்கு நல்ல நாள்.

மூன்றாவது நிபந்தனை பாக்கி: வழி மாற்றி விடுமா? அதை மாடியில் வைத்துப் பார்க்க முடியாது. எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிற வழி ஒன்றுதான். பானு வந்து கிரிவலப் பாதையை இரண்டிலும் ஏற்றிக் கொடுத்தாள். ராஜகோபுரத்தில் ஆரம்பம், ராஜகோபுரத்தில் முடிவு. நான் போகும் இடம் அவர் போனில் புள்ளியாகத் தெரியும்.

"எனக்கெதுக்கு? நீ போற வழி எனக்குத் தெரியாதா?" என்றார். ஆனால் கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

மாசி 9, சனி

நாலரைக்குக் கிளம்பினேன். குளிர். வெறுங்கால், துணிப்பை, அதில் ட., ப., போன், விபூதி.

நான் ஒவ்வொரு லிங்கமாக உள்ளே போய்க் கும்பிடுகிறவள். இந்திர லிங்கத்தில் ஒதுங்கியதும் இரண்டும் கத்தின. பாதையை விட்டேனாம். அக்னி லிங்கத்திலும் அப்படியே. எம லிங்கத்தில் பூசாரி, "இன்னாம்மா, பையில கோழிக்குஞ்சா?"

நிருதி லிங்கத்தில் கூட்டம் இல்லை. இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் ட. புதிதாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தது: திரும்பி வந்த வழியே போ, ராஜகோபுரம் பக்கம்.

அதன் கணக்கு சரிதான். முன்னால் போனால் ஒன்பது கி.மீ., பின்னால் போனால் ஐந்து. முடிவிடம் ஒன்றுதான். ஆனால் இடமாகச் சுற்றுவதா? சிவ சிவா. அதற்கு, போய்ச் சேர்ந்தால் போதும்.

ப. அப்படியில்லை. நான் விலகியபோது கத்தியது. பிறகு பழைய கோட்டையே காட்டிக்கொண்டு காத்திருந்தது. நான் பாதைக்கு வந்ததும் ஒரு சின்ன ஒலி. அவ்வளவுதான்.

ரோட்டிலேயே நின்றுவிட்டேன். செஞ்சிக்கு அந்தப் பக்கம் கயலைக் கெடுத்தது இதுதான். டீ குடிக்க விலகியவளுக்குப் போன் குறுக்கு வழி போட்டுக் கொடுத்தது. கையெழுத்து வாங்க வேண்டிய இடங்கள் அதற்கு லிங்கங்கள் இல்லை.

அப்போது போன். அவர்.

"ஏன் நின்னுட்ட? இருபது நிமிஷமா புள்ளி நவுரல."

"கும்பிட்டுட்டு இருந்தேங்க."

"அவ்ளோ நேரமா?"

"எப்பவும் அவ்ளோ நேரம்தான்."

இருபத்தேழு வருஷமாக நடக்கிறேன். எங்கே எவ்வளவு நேரம் என்று இன்றுதான் கேட்டார்.

அடி அண்ணாமலை தாண்டியதும் போனை அணைத்தேன், சார்ஜ் போனால் என்ன ஆகும் என்று பார்க்க. ப. மாறாமல் வழி காட்டியது. கயலுக்கு இது போதும். மனசு குளிர்ந்து குபேர லிங்கத்துக்கு வந்தால், எதிரே அவர், ஸ்கூட்டரில். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

"புள்ளி அப்படியே நின்னுடுச்சு. போன் பண்ணா போவல. உனக்கு இன்னா ஆச்சோனு..."

"நான்தான் அணைச்சேங்க. சோதனைக்கு."

"சொல்லிட்டு அணைக்கக்கூடாதா?"

"கயல் போன் சொல்லிட்டா அணைஞ்சுது?"

பின் சீட்டைக் கையால் துடைத்தார். பிறகு, "ஏறு வண்டில."

"பாதி வலத்துல வண்டி ஏறுவாங்களா? நீங்க போங்க."

போகவில்லை. வண்டியைத் திருப்பி, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே, ராஜகோபுரம் வரைக்கும் என் நடைக்கு வந்தார்.

மாசி 10, ஞாயிறு

வெயில். ட., ப. இரண்டையும் துடைத்து பானுவிடம் கொடுத்தாயிற்று. என் துணிப்பையும் அவளோடு போய்விட்டது, கேட்டு வாங்க வேண்டும்.

என் முடிவு: ப. மாதிரி. கயலுக்குச் சந்தோஷம். ஆனால் இன்னும் பேர் கொடுக்கவில்லை, அப்பா வாயால் வர வேண்டும் என்கிறாள். அவர் காலையிலிருந்து பேப்பரில் ஒரே பக்கத்தைப் படிக்கிறார்.

நேரில் கேட்டால் எழுந்து போய்விடுவார். சீட்டு எழுதி அவர் கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். நகல்:

"பட்டன் வச்சதே நல்லது. நாள் பூரா சார்ஜ் நிக்கும், வழி மாத்தாது. அவ எங்க இருக்கானு போன் சொல்லும். ஆனா ஏதாவது ஒரு இடத்துல புள்ளி நிக்கத்தான் செய்யும். சிக்னல் இருக்காது, இல்ல டீ குடிப்பா. நேத்து புள்ளி நின்னப்ப நான் நடந்துட்டுதான் இருந்தேன். நானும் பயப்படுவேன், கூடவே உக்காந்திருப்பேன். புள்ளி நின்னா ஒரு மணி நேரம் வண்டி எடுக்காம உங்களால பொறுக்க முடியுமா? முடியும்னா கயல்கிட்ட சரின்னு சொல்லுங்க. நாளைக்கு சாயந்தரத்தோட பேர் கொடுக்கறது முடியுது. சீக்கிரம் பதில் சொல்லுங்க."