கொளுத்தாத திரி

கெல்சென்கிர்ச்சன்
6 ஒக்டோபர் 2025

அன்புத் தம்பி யோசப்புக்கு,

நீயும் நிருஷாவும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். மாதா என்றதும் முகத்தைச் சுளிக்காதே, எனக்கு வேறு விதமாய் எழுதத் தெரியாது. போனில் கதைத்தால் இரண்டு பேருக்கும் வாய் நீளும், அதனால்தான் கடிதம்.

நேற்று கோயிலில் அறுவடை நன்றித் திருநாள். பீடத்தடியில் பூசணி, அப்பிள், கோதுமைக் கதிர். அம்மா இருந்த காலத்தில், பல்கனியில் காய்த்த பச்சை மிளகாயைத் தன் பங்குக்குத் தட்டில் வைப்பாவே, ஞாபகமா? ஒரு வருடம் பூசை முடிந்ததும் ஜேர்மன் சுவாமியார் ஒன்றைக் கடித்துவிட்டு, கண்ணீரோடுதான் எல்லோருக்கும் கைகொடுத்தார். நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது.

வருகிற முதலாம் திகதி சகல புனிதர் லீவு. வழக்கம்போல மூன்று மணிக்கு எல்லோரும் அம்மாவின் கல்லறைக்குப் போய், பிறகு என் வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். நீ பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியதிலிருந்து மூன்று வருடமாய் வரவில்லை. செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துவது உங்கள் சபையில் பிழை என்றால், இந்த முறை ஒருவரும் கொளுத்த மாட்டோம். நீ வந்து நின்றால் போதும்.

உன் அக்கா,
புஷ்பராணி

பான்
17 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நிருஷா அந்த மிளகாய்க் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வர விருப்பம்தான். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். அங்கே போனதும் கைப்பையிலிருந்து திரி வெளியே வரும், நான் விலகி நிற்பேன், கொலோனில் இருக்கிற மாமி ஏதாவது சொல்வா. "பெத்த தாய்க்கு ஒரு திரி கொளுத்த ஏலாத நீயெல்லாம் ஒரு பிள்ளையோ?" என்று நான் சபைக்கு மாறிய புதிதில் எல்லோர் முன்னாலும் நீங்கள் கேட்டது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. பார்க்கிறேன் அக்கா. கோபிக்க வேண்டாம்.

கர்த்தருக்குள் அன்பான,
யோசப்

கெல்சென்கிர்ச்சன்
3 நவம்பர் 2025

யோசப்,

நீ வரவில்லை. ஐந்து மணி வரைக்கும் தூறலில் அம்மாவின் கல்லறையடியில் நின்று சேமக்காலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் கல்லறைகளில் ஒவ்வொன்றாய்ச் சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் செபமாலை சொல்லிவிட்டு, ஒரு திரியும் கொளுத்தாமல் திரும்பினோம். "என்ன பிள்ளை, நீயும் சபைக்குப் போயிட்டியோ?" என்று மாமி எல்லோர் காதிலும் விழக் கேட்டா.

அம்மாவுக்கு இப்படி ஒரு திருநாள் வந்ததே இல்லை. உனக்காகச் செய்துவிட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். மனம் விட்டுப்போயிற்று.

புஷ்பராணி

பான்
8 நவம்பர் 2025

என் அன்பு அக்கா,

நான் வந்தேன். மூன்று மணிக்கே வந்து, சேமக்காலைக்கு எதிரே காருக்குள் இருந்தேன். நீங்கள் வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றது தெரிந்தது. அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்கப் பயந்து இறங்காமல் இருந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு உள்ளே போனேன். அந்த வரிசையில் அம்மாவின் கல்லறை மட்டும் இருட்டாய்க் கிடந்தது. சொன்னபடியே செய்திருந்தீர்கள், நான்தான் நம்பவில்லை. சபை சொல்வது சரியோ பிழையோ, உங்களை அப்படி நிற்க வைத்தது என் பிழை. அங்கேயே அழுதேன். வீட்டுக்கு வந்து நிருஷாவிடம் சொன்னேன். "அக்காவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றாள்.

வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன். திரியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். நான் கொளுத்த மாட்டேன், அதை மறைக்கவில்லை. நீங்கள் கொளுத்துங்கள் அக்கா. மழை பெய்தால் நான் குடை பிடிக்கிறேன்.

தம்பி,
யோசப்