ஈர வலையும் நீலச் சட்டையும்

ஐப்பசி 5, திங்கள்

காலையில் தூறல். கருவாட்டை உள்ளே எடுத்து வைத்தேன். பேரன் சேகரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் செம்புக் கம்பி திருட்டாம். வாட்ச்மேன் கண்ணால் பார்த்தானாம். எதை? நீலச் சட்டை போட்ட முதுகை. அங்கே அத்தனை பேருக்கும் நீலச் சட்டைதான். முதுகில் பேர் எழுதியிருந்ததா?

செவ்வாய்

பஸ்ஸில் கூட்டம். முட்டி வலி. சேகர் முகம் வீங்கியிருக்கிறது. "ஏரிக்குத்தான் போனேன் ஆயா" என்றான். போதும் எனக்கு.

எஸ்.ஐ. போனை நோண்டிக்கொண்டே பேசுகிறார். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாடு என்றேன். பாடு என்றால் என்னவாம்! ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு முறை வரும். முறை வந்தவன் சாவு வீட்டிலிருந்துகூட எழுந்து போவான். பழவேற்காட்டுப் பக்கம் உத்தியோகம், இதுகூடத் தெரியாது.

"நீ அவன ஏரில பாத்தியா பாட்டி?"

"காலைல வலை ஈரமா இருந்திச்சே."

"மழைல நனைஞ்சிருக்கும்."

மழையில் நனைந்த வலையில் ஏரிப் பாசி ஒட்டுமா? அதற்குள் அவருக்கு டீ வந்துவிட்டது.

புதன்

வக்கீல் வந்தான். மீசையே இப்போதுதான் முளைக்கிறது. கண்ணால் கண்டது நேரடி சாட்சியாம். வலை, பாசி எல்லாம் சூழ்நிலை சாட்சியாம்.

"அது சங்கிலி மாதிரி பாட்டி. ஒரு கண்ணி அறுந்தா போச்சு."

நான் அஞ்சாங்கிளாஸ். முதுகைப் பார்த்து முகத்தைச் சொல்கிறவன் பெரிய சாட்சி, பாசி சின்ன சாட்சி என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு எனக்கு வேண்டாம் என்றேன். சிரிக்கிறான். நாளைக்கு வலையை அப்படியே கொண்டுவரச் சொன்னான்.

வாங்க: முட்டி மாத்திரை, வெற்றிலை.

வியாழன்

வெயில். வலையைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாரி வேலியோரம் வந்து நின்றான்.

"பாத்து ஆயா, நடுவுல நண்டு கடிச்சு கிழிஞ்சிகீது. இன்னும் கிழிஞ்சிடப் போவுது."

பிரித்துப் பார்த்தேன். கிழிசல் இருந்தது.

"உனுக்கு எப்பிடிடா தெரியும்?"

காதைப் பிடித்தேன்.

"சனிக்கெழம சேகரு முறைக்கி நான்தான் போனேன் ஆயா, இந்த வலைய எடுத்துக்கினு. முறைய மாத்துனது ஊர்ல தெரிஞ்சா உடமாட்டாங்க, சொல்லாதன்னான்."

"அவன் எங்கடா போனான்?"

"தெரியாது ஆயா. சத்தியமா."

வக்கீல் இரண்டு தடவை போன் செய்துவிட்டான், பஸ் ஏறிவிட்டீர்களா என்று. வலையை எடுத்துப் போனால் அந்த மீசையில்லாதவன் ஜெயித்துவிடுவான். மாரியும் வாயைத் திறக்கமாட்டான்.

சேகர் திருடினானோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான். தூ. என் வீட்டுச் சோறு தின்ற வாய்.

வலை வீட்டிலேயே கிடக்கட்டும். மாரியைச் சட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், முறைக்குப் போனது யாரென்று அவனே சொல்லட்டும்.