எங்க தெருவுக்கும் வரி போடுங்க

அன்பு மகள் சிநேகாவுக்கு அம்மா எழுதறது. எல்லையம்மன் புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் நல்லா கீறோம், ஷார்ஜாவுல நீயும் வேளைக்குத் துன்னுட்டு நல்லா இருப்பேன்னு நம்பறேன். பக்கத்து வூட்டு ஜான்சன் லீவு முடிஞ்சு அங்க கிளம்பறான், அவன்கிட்ட கருவாட்டோட இதையும் குடுத்து அனுப்பறேன். அவன் போன்ல ஒரு போட்டோ காட்டுவான், அதுக்கு முன்னாடி நானே ஒத்துக்கறேன், சிரிக்காத. நம்ம பஸ் ஸ்டாப்புல ரெண்டு கட்சி பேனரும் எதிரெதிரா நிக்குது, ரெண்டுலயும் நன்றின்னு போட்டு நாந்தான் கும்பிடறேன். காலையில ஒரு கட்சி சால்வை போட்டாங்க, சாயங்காலம் இன்னொரு கட்சி. வேணாம்னு சொல்ல வாய் வரல, சால்வை வேற நல்லா கனமா இருந்துது. பஸ்ஸுக்கு நிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் முறைக்கறேன்னு உங்கப்பா சொல்லிகினு கீறாரு.

இதெல்லாம் நம்ம தெருவுக்குக் குழாய் வர்ற கதைதான். முட்டி வலியோட நான் மேட்டுத்தெருவுல இருந்து குடம் தூக்கறது பொறுக்காம, படூர்ல வாடகைக்குப் போங்கன்னு நீ சொல்லிகினே இருந்த. நாம காலனி ஜனம், அதான் குழாய் தரலன்னு எல்லாரும் சொன்னாங்க, அது பொய்யும் இல்ல. ஒரு நாள் குழாயடியில மேட்டுத்தெருக்காரி ஒருத்தி, வரி கட்டறவங்க மொதல்ல பிடிக்கட்டும், ஓசி பஸ்ல போறவங்க அப்புறம் வாங்கன்னா. சோப்புக்கும் பிஸ்கெட்டுக்கும் நானுந்தான் வரி கட்டறேன், நீ போடற சோப்பு மட்டும் தனியா நுரைக்குதான்னு கேட்டேன். சிரிச்சிட்டா, ஆனா இடம் விடல. வேலை செய்யற ஃபிளாட்ல வத்சலாம்மாகிட்ட பொலம்பினா, அவங்க எனக்கு மேல பொலம்பறாங்க. எல்லா வரியும் கட்டிட்டு லாரித் தண்ணிதான் வாங்கறாங்களாம், எங்க வரியெல்லாம் உங்களுக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன்னாங்க. நான் உங்களுக்குப் போவுதுன்னு நெனச்சேன்னேன். ரெண்டு பேரும் காபி குடிச்சோம். பாவம், அவங்களும்.

வீட்டு வரி ரசீது இருந்தா குழாய் கேக்கலாமேன்னு அவங்கதான் சொன்னாங்க. ஊராட்சி ஆபீஸ்ல கேட்டா, உங்க தெருவுக்கு வரியே போடலையேங்கறாரு கிளார்க்கு. நம்ம தெருவுல பொறந்து திருப்போரூர்ல வூடு கட்டிகினு போனானே மோசஸ், போன தேர்தலுக்கு அவன் கட்சி சார்பா வந்து, நம்ம ஜனங்க வரி கட்ட வேணாம், நான் பாத்துக்கறேன்னான். எதிர்க்கட்சி கார்த்தியும் நம்ம தெருவுல பொறந்தவன்தான், சும்மா வுடுவானா, அவனும் அதையே சொன்னான். நாமளும் ரெண்டு பேருக்கும் கை தட்டினோம். வரி இல்லன்னா ரசீது இல்ல, ரசீது இல்லன்னா குழாய் இல்ல. உடனே தெருப் பொம்பளைங்க எல்லாரும் போய், எங்களுக்கு வரி போடுங்கன்னு ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டோம். வரி வேணும்னு போராட்டம் பண்ணி கிளார்க்கு பாத்ததே இல்லையாம், மோர் வாங்கிக் குடுத்தாரு. மோசஸும் கார்த்தியும் ஒரே பைக்குல ஓடி வந்து, இன்னாக்கா, நம்ம ஜனத்துக்கு நாங்க வாங்கித் தந்த சலுகைய நீயே கெடுக்கறியேன்னாங்க. நம்ம ஜனந்தான்டா தம்பி, அதான் உங்க வூட்ல குழாய் கீது, எங்க வூட்ல குடம் கீதுன்னேன். ரெண்டு பேரும் பைக்கைத் திருப்பிகினு போயிட்டானுங்க. அவனுங்க மேல எனக்குக் கோவம் இல்ல, மேல கீறவங்க சொன்னத சொல்ற பசங்க.

அப்புறம் ஊராட்சியில இருந்து வந்து வூட்டை அளந்தாங்க, கதவுல நம்பர் போட்டாங்க. ரசீதை உங்கப்பா சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. குழாய்க்குப் பள்ளம் தோண்டற அன்னிக்குத்தான், நாங்கதான் வாங்கித் தந்தோம்னு ரெண்டு கட்சியும் அந்த சால்வைய போட்டது. குழாயடிக்காரி நேத்து வந்து, எங்க பக்கம் தண்ணி சன்னமா வருது, உங்களுக்கு வந்தா ஒரு குடம் தருவியான்னா. வரிசையில நில்லுன்னேன். மூஞ்சி வாடிப்போச்சு, தரேன்டின்னு சொல்லிட்டேன். படூருக்கு வரல தாயி, நம்பர் போட்ட வூட்டை வுட்டுட்டு எங்க போறது.

தலைக்கு எண்ணெய் வை. கருவாட்டை ரூம்ல பிரிக்காத, கூட கீற பொண்ணுங்க ஓடிடும். ஓட்டு போட லீவு சொல்லி வை. நோய் நொடி இல்லாம, நெனச்சது நடந்து, மகராசியா இரு.

ரெண்டு பேனர்லயும் கும்பிடற உன் அம்மா,
எல்லம்மாள்

இதை மடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு. காத்துல ஒரு பேனர் கழண்டு விழுந்துது. ஆடு மாடு விழாம இருக்க அதை யாரோ பைப்பு பள்ளத்து மேல விரிச்சிருக்காங்க. உங்கப்பா வேலை முடிஞ்சு வந்தவரு, என் மூஞ்சிய மிதிக்கக் கூடாதுன்னு ஒதுங்கி, கும்பிடற கையில கால் வெச்சு பள்ளத்துக்குள்ள போயிட்டாரு. முழங்கால்ல சிராய்ப்பு. எந்தக் கட்சி பேனர்னு அவர் பாக்கல.