மேடைக்காக எழுதிய மனு தபாலில் சேர்ந்துவிட்டது குறித்து

அனுப்புநர்:
மேடைப் பொருட்கள் பொறுப்பாளர்,
அறுபது இருக்கைச் சிற்றரங்கம்,
அச்சகத் தெரு.

பெறுநர்:
கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: அரங்கின் பின்சுவர் பற்றிய புகாரைத் திரும்பப் பெறுதல் – கதவில் வைத்த முத்திரையை 14ஆம் தேதிக்குள் அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த செவ்வாயன்று கதவில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

1. எங்கள் கட்டடத்தின் பின்சுவர் விரிசல் விட்டு, படுக்கிறவர் தலைமாட்டில் காரை உதிர்வதாகத் தங்களுக்கு வந்த மனுவை எழுதியவள் நான்தான். அதில் உள்ளது அத்தனையும் கற்பனை. ஆனால் ஏமாற்றும் எண்ணத்தில் எழுதவில்லை; அது நாடகத்துக்கான கடிதம். இதுவும் அதே கையெழுத்து என்பதால் நம்பச் சிரமமாக இருக்கும். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

2. வரும் 14ஆம் தேதி தொடங்கி எட்டு வாரங்கள் நான்கு புதிய நாடகங்கள் நடத்துகிறோம். எல்லாம் இந்தக் காலத்து மனிதர்களின் கதை, ராஜா ராணி கிடையாது. முதல் நாடகத்தில் தனியாக வாழும் ஒரு பெண், இடியப்போகும் வீட்டைப் பற்றி மனு எழுதி உறையில் போட்டு, கடைசிவரை அனுப்பாமலே வைத்திருப்பாள்.

3. மேடையில் படிக்கும் கடிதம் வெற்றுத்தாளாக இருக்கக் கூடாது என்பது எங்கள் அரங்கின் வழக்கம். முதல் வரிசைக்காரர் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட, நடிகைக்குத் தெரியும். ஆகவே மனுவை முழுசாக எழுதி, உறைமேல் தங்கள் அலுவலக முகவரி எழுதி, ஸ்டாம்பும் ஒட்டினேன். அனுப்புநர் இடத்தில் எங்கள் அரங்க முகவரியையே போட்டேன். ஒத்திகை முடிந்ததும் அதை டிக்கெட் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனது என் தப்பு.

4. கவுண்டரில் உட்காருபவர் என் வீட்டுக்காரர். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். ஸ்டாம்ப் ஒட்டிய உறை எங்கேயாவது கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. போகிற வழியில் பெட்டியில் போட்டுவிட்டு, உன் லெட்டரைப் போட்டுட்டேன் என்று என்னிடம் சொல்லவும் செய்தார். என் அக்காவுக்கு எழுதியதைச் சொல்கிறார் என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

5. தங்கள் ஆய்வாளரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றே நாளில் வந்துவிட்டார். தெருவிளக்குக்காக நாங்கள் நிஜமாகவே எழுதிய நான்கு மனுக்களுக்கு ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. அவர் வந்த திங்கட்கிழமை எங்கள் விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். கூரையிலிருந்து தரைவரை விரிசல். ஐயா, அது துணியில் தீட்டிய சுவர். எங்கள் பெயின்டர் பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்தது. ஆய்வாளரே நம்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நிஜச் சுவர் அதற்கு நாலடி பின்னால் உறுதியாகத்தான் நிற்கிறது.

6. அந்தப் பெண்ணாக நடிப்பவர் மருத்துவமனையில் நர்ஸ். எத்தனையோ பேருடைய ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் விடுப்பு சேர்த்திருக்கிறார். 14ஆம் தேதி தவறினால் அவரால் நடிக்க முடியாது. அவரில்லாமல் அந்த நாடகமே இல்லை. தற்சமயம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடக்கிறது, கட்டில் வராந்தாவில் கிடக்கிறது.

7. இனிச் சொல்வதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கணவர் இல்லை என்று மட்டும்தான் நாடகப் பிரதியில் இருக்கிறது. நடிகைக்கு அழுகை வர வேண்டுமே என்று நான்தான் நீட்டி எழுதினேன். அவர் இருந்திருந்தால் விரிசலைப் பார்த்த அன்றே சிமெண்ட் குழைத்திருப்பார் என்றும், அவர் சட்டை மாட்டிய ஆணியைப் பிடுங்க மனம் வரவில்லை என்றும். யாரோ ஒருவரை நினைத்து எழுத எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரரை நினைத்துத்தான் எழுதினேன். முடித்ததும் எழுந்துபோய், மத்தியானத் தூக்கத்தில் இருந்தவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

8. இப்போது தங்கள் அறிவிப்பில் ‘கணவரை இழந்த மனுதாரர்’ என்று அச்சாகியிருக்கிறது. இவர் தினமும் கதவருகே போய் அதைப் படித்துவிட்டு எதிர்வீட்டுப் படியில் வந்து உட்காருகிறார். முதல் நாள், செத்தவனுக்கு எதுக்கும்மா காப்பி என்று கேலி செய்தார். இரண்டு நாளாகக் கேலியும் இல்லை. அரங்கை மூடியது தன் கைதான் என்று உள்ளுக்குள் மறுகுகிறார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகவே, சுவரைத் தட்டிப் பார்க்க ஆள் அனுப்புங்கள். உறுதியாக இருந்தால் 14ஆம் தேதிக்குள் முத்திரையை எடுத்துவிடுங்கள். தவறான புகாருக்கு நடவடிக்கை உண்டென்றால் என்மேல் எடுங்கள், அவர்மேல் வேண்டாம். இதற்கெல்லாம் நாளாகும் என்றால், அந்த ஒரு வரியை மட்டுமாவது அறிவிப்பிலும் கோப்பிலும் இன்றைக்கே அடித்துவிடுங்கள். என் கணவர் இருக்கிறார் ஐயா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுறே என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேடைப் பொருட்கள் பொறுப்பாளர்

நாள்: இம்மாதம் 5
இடம்: அரங்கின் எதிர்வீட்டுப் படி