நம் காலுக்கு ஓர் அச்சு

கடவுள் கிருபை முன்னிற்க.

அன்புத் தங்கச்சிக்கு அக்கா ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். பயப்படாமல் உட்கார்ந்து படி.

ஃபேக்டரியில் உன் அத்தான் வேலை பார்க்கும் இரண்டாவது லைனை மூடப்போகிறார்கள் என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தேனே, மூடவில்லை! நேற்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மனுஷர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு தரம் சாப்பிட்டார்.

கடல் தாண்டி நீ அங்கே கடையில் விற்கிற ஷூவைத்தான் இவர் இங்கே தைக்கிறார். அங்கே விற்காதபோது இங்கே ஏன் மெஷின் நிற்கிறது என்று அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. பேப்பரில் வியாபாரப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. அங்கே வட்டி ஏறுகிறது, வீட்டுத் தவணை ஏறுகிறது. அங்கே ஒருத்தன் பழைய ஷூவே போதும் என்று இருந்துவிட்டால், இங்கே நம் வாணலியில் எண்ணெய் குறைகிறது. "இவ்வளவு தெரிஞ்சவ என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா நிதி மந்திரியா போயிருக்கலாம்" என்றார் உன் அத்தான். அதற்குச் சம்பளம் அதிகமா என்று கேட்டேன்.

எண்ணெயைக் குறைத்தது போதாதென்று, சோப்பையும் பாதியாக நறுக்கித்தான் இத்தனை மாதம் ஓட்டினேன். தினமும் வேண்டுதல் வேறு. கோயில் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற பொருளுக்காக உள்ளே போய் மன்றாடுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வரும். ஆண்டவனுக்கும் வந்திருக்கும்.

இனி, நடந்ததைக் கேள். ரத்தான ஆர்டர் ஷூக்களை ஃபேக்டரி வாசலிலேயே அடிமாட்டு விலைக்குத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் அந்த ஊர்க் காலுக்குச் செய்தது, ஒல்லியாக நீளமாக. நம் கால்தான் தெரியுமே, குட்டை, முன்பக்கம் அகலம். அகலத்துக்காக இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம். முன்னால் காலியாகக் கிடந்த இடத்தில் துணியைத் திணித்தோம். தெரு முழுக்க வாத்து நடைதான். பக்கத்து வீட்டுத் தையல்காரர், "அக்கா, ஷூ முன்னாடியே போயிருச்சு, நீங்க இன்னும் வரலையா?" என்பார்.

லைனை மூடலாமா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்த அன்று, அத்தான் சாப்பாட்டு டப்பாவை மறந்து போய்விட்டார். மதிய மணி அடிப்பதற்குள் கொடுக்க வேண்டுமே என்று கேட்டை நோக்கி ஓடினேன். வலது கால் ஷூ கழன்று பறந்து அந்த அம்மாள் காலடியில் விழுந்தது. உள்ளே இருந்த என் பழைய ரவிக்கைக் கையும் வெளியே வந்துவிட்டது. உன் அத்தான் யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்!

அந்த அம்மாள் தானே குனிந்து எடுத்தாள். இவ்வளவு சிரமப்பட்டு எதற்குப் போடுகிறீர்கள் என்று, நம் பாஷை தெரியாததால், சூப்பர்வைசர் மூலம் கேட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நாள் பூரா நின்னாலும் கால் வலிக்கலைங்க. அகலம் மட்டும் இருந்தா துணிக்கு வேலையே இல்லை" என்றேன். சாப்பிட வந்த எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொன்னாள். துணி, பஞ்சு, பேப்பர் என்று வாசலில் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்துவிட்டோம். இந்த ஷூவை இங்கே வாங்க ஆள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்களாம்.

அப்புறம் ஒருநாள் குடும்பத்தோடு வரச் சொல்லி, எல்லோர் காலையும் காகிதத்தில் வரைந்து எடுத்தார்கள். நான் காலை இரண்டு முறை தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். அந்த அளவில் ஷூ தைக்கப் புதிதாகக் கால் அச்சு செய்து, இனி இந்தப் பக்கத்துக் கடைகளுக்கென்றே இரண்டாவது லைன் தைக்கப் போகிறது. மாதிரிக்குத் தைத்த முதல் ஜோடி எனக்கு. போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி ஏறி இறங்கினேன்.

கடைவீதியிலும் கம்பெனி ஒரு கடை திறக்கிறது. விற்றுப் பழகியவர்களைத் தேடுகிறார்கள். அடுத்த மாதக் கடைசி வரை ஆள் எடுப்பார்களாம்.

உங்கள் ஊரில் நிறையக் கடைகளை மூடிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. உன் கடையும் அதில் உண்டா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளாக மழையையும் குளிரையும் பற்றியே எழுதுகிறாயே என்றும் கேட்கவில்லை. உன் அறையிலிருந்த மூட்டைகளை எடுத்துவிட்டு ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்த மாதம் எங்களுக்குப் பணம் அனுப்பாதே. டிக்கெட்டுக்கு ஆகும்.

எங்கே நின்றாலும் உன் கால் நோகாமல் ஆண்டவன் காக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்கா