புத்தருக்கு நேர்ந்துகொண்ட முடி

என் அண்ணே,

நீ மாமன் ஆகிவிட்டாய். நீ போய் இரண்டு வருஷம் கழித்துத்தான் இவள் வந்தாள். பெயர் கயல். கையில் எது கிடைத்தாலும் நேராக வாய்க்குத்தான் போகிறது. மூக்கு உன் மூக்கு, என்ன செய்வது, பெண் பிள்ளையாச்சே!

நீ விழுப்புரம் வண்டியில் கண்டக்டராக இருந்துகொண்டே ஒலக்கூர்ப் பக்கம் இருக்கிற புத்த விகாரைக்குப் போக ஆரம்பித்தபோது, உன்னை நான் கிண்டல் பண்ணாத நாளில்லை. "சாமி இல்லேன்ற, அப்புறம் யார நம்பிக்கினு கண்ண மூடிக்கினு உக்காந்திருக்க?" என்று கேட்டேன். உனக்குக் கோபமே வராது.

"திண்டிவனம்னு போர்டப் பாத்துதான வண்டி ஏறுற? அது நம்பிக்கை. போர்டே பாக்காம ஏறிட்டு டிரைவருக்குச் சூடம் காட்டினா ஊரு வந்துடுமா?" என்றாய். நற்காட்சி, உள்ளதை உள்ளபடி பார்க்கிறது, அது இது என்று நீ ஆரம்பித்தாலே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது, சொல்ல நீ இல்லை.

உன் அறையில் இருந்த புத்தர் சிலையை நான்தான் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பக்தியெல்லாம் இல்லை, நீ தினமும் துடைத்து வைத்தது என்றுதான். கயல் வயிற்றில் இருந்தபோது நாலாம் மாசம் ரத்தம் பட்டது. படுத்தே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் புத்தருக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை தங்கினால் அதன் முதல் முடி அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். சிரிக்காதே. நமக்குத் தெரிந்த முறை அதுதானே?

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. முடி அடர்த்தியாக வளர்ந்ததும் தேங்காய், பழம், முடி எடுக்கிற ஆள் எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணிக்கொண்டு விகாரைக்கே போய்விட்டேன். உன்னோடு அங்கே உட்காருவார்களே மல்லிகா அக்கா, அவர்கள்தான் வாசலில் நின்றார்கள்.

"இங்க யாரும் முடி வாங்கறதில்ல செல்வி. பூ வெச்சிட்டு உள்ள வந்து உக்காரு" என்றார்கள்.

"நேந்துக்கினத செய்யலன்னா கண்ணக் குத்த மாட்டாராக்கா?"

"கண்ணத் தொறந்து பாருன்னு சொன்னவரு எதுக்கும்மா குத்தப் போறாரு?"

தேங்காயை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சட்னி அரைத்துவிட்டார்கள். முடி எடுக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் கயலுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. "நேந்துக்கினத ஏமாத்தினா சும்மா வுடுமா? ஜல்தியா முடிய எடுத்துடு" என்றார்கள் என் மாமியார். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பேத்தி மேல் அவ்வளவு உயிர். என் வீட்டுக்காரரும் முடி எடுப்பவரைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார். எனக்கும் எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்க்கும்போது உன் நினைப்பு வந்தது. காய்ச்சல் எதனால் வந்தது என்று முதலில் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொண்டையில் புண் என்றார்கள். மருந்து கொடுத்து, ஈரத்துணி போட்டு, இரண்டு நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கேப்பைக் கஞ்சி குடித்தது.

அண்ணே, அன்றைக்கு முடியை எடுத்திருந்தால், முடி கொடுத்ததால்தான் காய்ச்சல் இறங்கியது என்று சாகிற வரைக்கும் நம்பியிருப்பேன். அதை நினைத்தால்தான் திக்கென்கிறது. நீ சொன்ன நற்காட்சி இதுதானா? இல்லை, இது அதில் முதல் ஸ்டாப்பிங்கா?

இப்போதெல்லாம் சாயந்திரம் சிலை முன்னால் சும்மா உட்காருகிறேன். எதுவும் கேட்காமல் உட்காருவது முதலில் பெரிய பேஜாராக இருந்தது. பழகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் கயலுக்கு மொட்டை அடித்தோம். யாருக்கும் நேர்ந்தது இல்லை, வெயிலுக்குத் தலையெல்லாம் வேர்க்குரு. வீட்டு வாசலிலேயே. கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தாய்மாமன் எங்கம்மா? மடியில வெச்சிக்க வரச் சொல்லுங்க" என்று கேட்டார் முடி எடுப்பவர். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும், "அண்ணன் இல்லீங்க" என்று மெல்ல முனகிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், இத்தனை நாளாக. அன்றைக்கு மகளை எடுத்து என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"அவரு செத்துட்டாருங்க. நீங்க எடுங்க" என்றேன்.

அழுதேன். கயலின் தலை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பூச்சாண்டி வருவான் என்று சொல்லி இவளுக்கு ஒரு வாய் சோறுகூட ஊட்ட மாட்டேன். மாமன் எங்கே என்று இவள் கேட்கிற அன்றைக்கும் உள்ளதைத்தான் சொல்லுவேன்.

உன் மருமகளைப் பெற்றவள்,
உன் தங்கச்சி செல்வி